முடிந்த வயதும் நடக்கும் வயதும்

சுரேந்திரநாத் பானர்ஜியை நம்மில் பெரும்பாலோர் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து மறந்திருப்போம். மிதவாதிகளில் ஒருவர், இரண்டு முறை காங்கிரஸ் தலைவர், நீண்ட தாடி. அவரைப் பற்றி இப்போது எழுத எனக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று சொந்த விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது இந்தப் பத்திரிகையில் நான் செய்த ஒரு தவறு. அது கடைசியில்.

பிளஸ் டூ முடித்த வருஷம், பி.ஏ. ஆங்கிலத்துக்காக ஒரு நகரத்துக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனேன். கூட என் வகுப்புத் தோழன். இருவரும் ஒரே பேருந்தில் போய் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுத்தவர்கள் என்பதால் அடுத்தடுத்த எண்கள். அவன் முன் பெஞ்சு, நான் பின் பெஞ்சு. கட்டுரைக்கு வந்த தலைப்பு வாசிப்புப் பழக்கம் பற்றியது. நான்கு நாள் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்துகொண்டிருக்க, எங்களை மட்டும் ஒன்றாக அழைத்தார்கள்.

பேராசிரியர் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். முதல் பத்தி இரண்டிலும் ஒன்றே. அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார். பேக்கன் சொன்னதாக இருவரும் ஒரு மேற்கோள் எழுதியிருந்தோம். "இது பேக்கன் சொன்னது இல்லையே. சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கலாம். தப்பு எப்படிப்பா ஒண்ணா இருக்கும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தர்க்கமாகக் கேட்டார். அந்தத் தர்க்கத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

பதில் எங்கள் ஊரில் இருந்தது. மாடியறையில் ட்யூஷன் நடத்திய ஒரு சார், எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துகிற மாதிரி மூன்று தொடக்கப் பத்திகளும் இரண்டு முடிவுப் பத்திகளும் வைத்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வோம், மறுநாள் ஒப்பிப்போம். பேக்கன் அந்த நோட்டிலிருந்து வந்தவர். எங்கள் ஊரில் ஆங்கிலம் தேறிய எல்லோரும் அந்தப் பேக்கனை நம்பியவர்கள்தான். ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டு, 'நாங்கள் பார்த்து எழுதவில்லை, மனப்பாடம் செய்ததை எழுதினோம்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு குற்றத்திலிருந்து தப்ப இன்னொரு தாழ்வை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வராந்தாவில் தனித்தனியே உட்கார்ந்து வேறு தலைப்பில் மறுபடி எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். இடம் கிடைத்தது. என் தோழன், "நான் பாக்கவே இல்ல சார், எதுக்கு மறுபடி எழுதணும்?" என்று ஒருமுறைதான் கேட்டான். பதில் வராததால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். இப்போது ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். போனால் டீ வாங்கித் தருவான். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

*

1853க்கு முன், கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் உத்தியோகங்கள் டைரக்டர்களின் சிபாரிசில் கிடைத்தன. சிபாரிசு பெற்ற பையன்கள் ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு இங்கே ஆள வந்தார்கள். 1853ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம் இதை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. மெக்காலே தலைமையில் ஒரு குழு 1854இல் தேர்வின் உருவத்தை வகுத்தது. 1855இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. சிபாரிசின்மேல் எழுந்த சந்தேகத்தால் பிறந்தது இந்தத் தேர்வு. யாருடைய மகன் என்று கேட்காது, தாளில் இருப்பதை மட்டும் பார்க்கும் என்பது அதன் பெருமை.

தாளில் என்ன இருக்கலாம் என்பதை மெக்காலே குழு முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தேர்வு லண்டனில் மட்டும். வயது உச்சவரம்பு முதலில் 23. 1859இல் 22, 1866இல் 21 என்று குறைத்தார்கள். கடல் கடந்தால் சாதி போகும் என்றிருந்த காலத்தில், அந்த வயதுக்குள் ஒரு வங்காளிப் பையன் கப்பலேறிப் போய், ஆங்கிலப் பையன்களோடு ஷேக்ஸ்பியரில் போட்டியிட வேண்டும். 1868 முடியத் தேறிய இந்தியர் ஒரே ஒருவர்: 1863இல் சத்யேந்திரநாத் தாகூர், ரவீந்திரநாதரின் அண்ணன். அவரோடு கப்பலேறிப் போன மன்மோகன் கோஷ் இரண்டு முறை எழுதியும் தேறவில்லை.

1868 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து மூன்று பேர் புறப்பட்டார்கள். ரமேஷ் சந்திர தத், பிஹாரி லால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி. தத்தும் குப்தாவும் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பியவர்கள். சுரேந்திரநாத்தின் தந்தை துர்காசரண் கல்கத்தாவில் பேர் பெற்ற டாக்டர், மகனைத் தானே அனுப்பிவைத்தார். 1869இல் மூவரும் தேறினார்கள். பம்பாய்ப் பக்கத்திலிருந்து போன ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூரும் தேறினார். பதினான்கு வருஷத்தில் ஒருவர், இப்போது ஒரே வருஷத்தில் நான்கு பேர்.

நான்கு பேரில் இருவருடைய வயது கேள்விக்குள்ளாயிற்று. சுரேந்திரநாத், தாக்கூர்.

சுரேந்திரநாத்துக்கு எதிரான ஆதாரம் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. 1863 டிசம்பரில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தபோது வயது 16 என்று எழுதியிருந்தார். நாம் மெட்ரிகுலேஷன் என்று சொல்லும் அந்தத் தேர்வுக்குக் கல்கத்தாவில் 'எண்ட்ரன்ஸ்' என்றே பெயர். 1863 டிசம்பரில் 16 முடிந்தவர் 1847 டிசம்பருக்குள் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் 1869இல் அவருக்கு 21 கடந்துவிட்டது. ஆக, லண்டனில் அவர் கொடுத்த வயது பொய். கணக்கு சரி. கமிஷனர்கள் பெயரை நீக்கினார்கள்.

அவர் பிறந்தது 1848 நவம்பர் 10. 1863 டிசம்பரில் 15 முடிந்து 16 நடந்துகொண்டிருந்தது. 16 என்று எழுதினார். லண்டனில் ஆங்கில முறைப்படி முடிந்த வயதைச் சொன்னார். இரண்டு இடத்திலும் உண்மையைத்தான் சொன்னார். இரண்டு உண்மைகளையும் ஒரே தாளில் வைத்துக் கழித்துப் பார்த்தபோது மோசடி என்று விடை வந்தது.

*

நான் வேலை பார்ப்பது வங்கிக் கவுண்டரில். அறுபது முடிந்தவர்களுக்கு வைப்பு நிதியில் வட்டி அரை சதவீதம் கூட. மாதத்துக்கு இரண்டு பேராவது இதில் என்னிடம் சண்டை போடுகிறார்கள். "அறுபது ஆயிடுச்சு தம்பி" என்பார் ஒரு அம்மா. அட்டையைப் பார்த்தால் ஐம்பத்தொன்பதும் சில மாதங்களும் இருக்கும். "முடியணும்மா, இன்னும் முடியல" என்பேன். "நடக்குதே!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வாக்கியத்தில் வயது என்பது இப்போது நடந்துகொண்டிருக்கும் வருஷம். என் கம்ப்யூட்டரின் வாக்கியத்தில் அது முடித்துக் கட்டிவைத்த வருஷங்களின் எண்ணிக்கை.

நம் மொழிக்கு இந்த இரண்டும் தெரியும். குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்கிறோம், நிறைந்ததை எண்ணி. அறுபதாம் கல்யாணம் அறுபது பூர்த்தியானபின் நடக்கிறது. ஆனால் சாதாரணப் பேச்சில் "பையனுக்கு என்ன வயசு?" என்றால் "பதினாறு நடக்குது" என்பதுதான் பதில். அவசரத்தில் 'நடக்குது' விழுந்துவிடும், 'பதினாறு' மட்டும் நிற்கும். கேட்பவனும் அதே ஊர்க்காரன் என்றால் விழுந்த சொல்லை அவனே சேர்த்துக்கொள்வான். என்றும் பதினாறாக இருக்க வரம் வாங்கிய மார்க்கண்டேயனுக்குத்தான் இந்தத் தொல்லை கிடையாது.

சுரேந்திரநாத்தின் விண்ணப்பத்தில் விழுந்துபோனது இந்தச் சொல்தான். இதை நான் மொழிபெயர்ப்புப் பிரச்னையாகவே பார்க்கிறேன். நாம் கவிதை மொழிபெயர்ப்பைப் பற்றி எவ்வளவோ சர்ச்சை செய்திருக்கிறோம். படிமம் தாங்குமா, லயம் தாங்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். எண்ணுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் சம்மதம். பதினாறு எந்த மொழியிலும் பதினாறுதானே என்கிறோம். கமிஷனர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. என் பேராசிரியரைப் போலவே தர்க்கமாகத்தான் கேட்டிருப்பார்கள்: ஒருவனுக்கு இரண்டு வயது எப்படி இருக்கும்?

தேர்வு என்கிற ஸ்தாபனத்தின் குருட்டிடம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குத் தனிமனிதனை மட்டும்தான் தெரியும். ஒரு பெயர், ஒரு எண், ஒரு தாள். அந்தத் தனிமனிதன் ஒரு ஊரிலிருந்து வருகிறான், ஒரு வழக்கத்தைக் கூடவே கொண்டுவருகிறான், அதில் அவனோடு லட்சம் பேருக்குப் பங்கு இருக்கிறது என்பதைக் குறிக்கத் தாளில் கட்டம் கிடையாது. ஒரு சமூகமே வயதை ஒரு விதமாக எண்ணினால், தாளில் அது ஒருவன் சொன்ன பொய்யாகத் தெரியும். ஒரு ஊரே ஒரு தவறான மேற்கோளை ஒப்பித்தால், அது ஒருவன் தோளுக்கு மேலாக இன்னொருவன் எட்டிப் பார்த்ததாகத் தெரியும்.

*

சுரேந்திரநாத் மறுபடி எழுதவில்லை. வழக்குப் போட்டார். கல்கத்தாவிலிருந்து சாட்சிப் பிரமாணங்கள் போயின. இந்துக்கள் வயதை எப்படி எண்ணுவது வழக்கம் என்பது லண்டன் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் விவாதப் பொருளாயிற்று. நீக்கியதற்குக் காரணம் காட்டும்படி நீதிமன்றம் கமிஷனர்களைக் கேட்டது. அவர்கள் மேற்கொண்டு வாதாடாமல் இருவர் பெயரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இறுதித் தேர்வும் முடித்து 1871இல் தத், குப்தாவோடு அவர் ஊர் திரும்பினார். அவர் லண்டனில் இருக்கும்போதே, 1870இல், துர்காசரண் காலமானார். அனுப்பிவைத்த தந்தை மகனை உத்தியோகஸ்தனாகப் பார்க்கவில்லை.

இந்த வெற்றியைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு சங்கடமும் உண்டாகிறது. வழக்குப் போட லண்டனில் வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், சாட்சி சொல்லக் கல்கத்தாவில் நாலு பெரிய மனிதர்கள் வேண்டும். டாக்டர் மகனுக்கு அதெல்லாம் இருந்தது. மாடியறை ட்யூஷனில் படித்தவனுக்கு இரண்டு வழிகள்தான். திரும்ப எழுதி, நிரபராதி என்பதோடு கெட்டிக்காரன் என்றும் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் ஏற வேண்டும்.

தாக்கூர் என்ன நினைத்தார் என்பதும் என்னைத் தொந்தரவு செய்கிறது. அதே வருஷம், அதே சந்தேகம், அதே விடுதலை. சுரேந்திரநாத் தம் கதையை 'எ நேஷன் இன் மேக்கிங்' என்று புத்தகமாக எழுதினார். அவர் இறந்த 1925ஆம் வருஷமே அது வெளியாயிற்று. அதைப் படித்தவர்களுக்குத் தாக்கூர் அந்தக் கதையில் 'மற்றொருவர்'. சரித்திரத்தில் எப்போதும் இப்படி ஒரு மற்றொருவர் இருக்கிறார். என் கதையைச் சொல்ல நான் இருக்கிறேன். என் தோழனின் கதையையும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவனைக் கேட்காமல்.

சந்தேகம் நீங்கினாலும் சுரேந்திரநாத்தின் உத்தியோகம் நிலைக்கவில்லை. சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, தலைமறைவாகாத ஒருவனைத் தலைமறைவானவர்கள் பட்டியலில் சேர்த்த தாளில் கையெழுத்திட்டதாக விசாரணை வந்தது. கீழ் ஊழியர்கள் எழுதிக் கொண்டுவந்த கத்தையில் அதுவும் ஒன்று, படிக்காமல் போட்ட கையெழுத்து என்பது அவர் தரப்பு. கத்தை கத்தையாகக் கையெழுத்துப் போடுகிற தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் அவரை நம்புகிறேன். விசாரணைக் குழு நம்பவில்லை. 1874இல் மாதம் 50 ரூபாய் கருணைத் தொகையோடு பதவி நீக்கம். லண்டனுக்குப் போய் முறையிட்டும் பயனில்லை. பாரிஸ்டராகலாம் என்றால், பதவி நீக்கத்தைக் காட்டி அந்தக் கதவையும் அடைத்தார்கள். ஊர் திரும்பியவருக்கு வித்யாசாகர் தம் மெட்ரோபாலிடன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் வேலை கொடுத்தார்.

1876இல் அவரும் ஆனந்த மோகன் போஸும் இந்தியன் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். அதே வருஷம் சிவில் சர்வீஸ் தேர்வின் வயது வரம்பை 21லிருந்து 19ஆகக் குறைக்க முடிவாயிற்று. 1878 முதல் அமல். இப்போது யாருடைய வயதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, வரம்பே போதும். பத்தொன்பது வயதுக்குள் இங்கே படித்து, கடல் கடந்து, அங்கே தயாராகி எத்தனை பேரால் எழுத முடியும்? சுரேந்திரநாத் 1877இல் வட இந்தியாவில் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். லாகூர்வரை போனார். அடுத்த வருஷம் பம்பாயும் சென்னையும். ஒரே கோரிக்கையை வைத்துக்கொண்டு நாட்டின் இத்தனை பகுதிகளுக்கும் ஒருவர் போய்ப் பேசியது அதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை. காங்கிரஸ் பிறக்க இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது. வயது வரம்பு 1892இல் 23 ஆயிற்று. தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேற 1922வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் சுற்றுப்பயணத்தின் தொடக்கம் ஒரு விண்ணப்பத்தின் வயதுக் கட்டத்தில் இருந்தது என்று சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் ஒப்பமாட்டார்கள். பஞ்சங்கள், வரிகள், பத்திரிகைச் சட்டம் என்று காரணங்கள் வரிசையாக உண்டு. அவை சரியே. ஆனால் வயது என்பது ஆள்பவனின் கையில் என்னவாகும் என்பதைத் தம் உடம்பில் அறிந்த ஒருவர்தான் அந்தப் பிரச்னையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

*

இனி என் தவறு.

சென்ற வருஷம் இந்தப் பத்திரிகையில் ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதிலுள்ள மூன்று படிமங்கள் அவரைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு கவிஞரின் தொகுப்பிலும் இருப்பதைப் பக்க எண்ணோடு எடுத்துக்காட்டி, 'கடன் வாங்கியவர் கடனைச் சொல்வது மரியாதை' என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பர்கள் சிலரும் பாராட்டினார்கள். ஒரு படிமம் என்றால் தற்செயல், மூன்று எப்படித் தற்செயலாகும் என்பது என் தர்க்கம்.

இரண்டு மாதம் கழித்து அந்த மூத்த கவிஞரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரும் இளைஞரும் அடுத்தடுத்த கிராமங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மூன்று படிமங்களும் அந்தப் பக்கத்து ஒப்பாரியில் வருபவை. 'என் ஆத்தா அழுததை நான் எழுதினேன். அந்தப் பையன் ஆத்தா அழுததை அவன் எழுதியிருக்கிறான். இதில் யார் யாருக்குக் கடன்?' என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்தபோது எனக்கு வராந்தா ஞாபகம் வந்தது. பேராசிரியரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பதினேழு வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஒன்று விமர்சகனானபின் எப்படி மறந்துபோயிற்று என்பதுதான் புரியவில்லை. தேர்வு போலவே நம் விமர்சனமும் கவிஞன் என்ற தனிமனிதனை மட்டும் நம்புகிறது. படிமம் அவனுடைய சொத்து, இன்னொருவன் கையில் இருந்தால் அது திருட்டு. எண்ணுகிற முறையிலிருந்து அழுகிற முறைவரை பலருக்குப் பொதுவாக இருக்கும் ஒன்றுக்கு நம் மதிப்புரையிலும் கட்டம் இல்லை. நாம் அச்சில் படித்ததை மட்டுமே மூலம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த மூத்த கவிஞர் முந்தி அச்சேறியதால் மூலமானார். அவ்வளவுதான்.

அசல் திருட்டே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, நமக்குத் தெரிந்த உதாரணங்களும் இருக்கின்றன. ஆனால் சந்தேகிப்பவனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு தாள்களும் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்தவுடன் அவன் வேலை முடிந்துவிடுவதில்லை. இரண்டும் எந்த ஊரிலிருந்து வந்தன என்று போய்ப் பார்க்க வேண்டும். கமிஷனர்கள் கல்கத்தாவுக்கு எழுதி, 'உங்கள் ஊரில் வயதை எப்படி எண்ணுவீர்கள்?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் வழக்கே வந்திருக்காது. என் மதிப்புரைக்கு ஒரு பஸ் பயணம் போதும். எனக்கு அது தோன்றவில்லை.

அந்த இளைஞர் மறுப்பு எதுவும் எழுதவில்லை. அதன்பிறகு இந்தப் பத்திரிகைக்குக் கவிதையும் அனுப்பவில்லை என்று ஆசிரியர் சொன்னார். பதில் சொல்லாததைச் சிலர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போகிறவனை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த மதிப்புரையின் கடைசி இரண்டு பத்திகளைத் திரும்பப் பெறுகிறேன். அவர் எதையும் மறுபடி எழுதிக் காட்ட வேண்டியதில்லை. புதிதாக எழுதியதை அனுப்பினால் போதும்.